மூச்சு வாங்கும்போது ஆங்கிலம் தடுக்குகிறதா? ‘அவுட் ஆஃப் ப்ரெத்’ பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடி ஏறி உள்ளே நுழைகிறீர்கள். எதிரே இருப்பவர் உடனே ஏதோ கேட்கிறார். தமிழென்றால் ‘இருங்க, மூச்சு வாங்குது’ என்று தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வர வேண்டியது ‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத்’. நான்கே சொல். ஆனால் பேசிப் பழகியவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். ஒருவர் ‘ஐ ஹேவ்’ என்று ஆரம்பிக்கிறார், இன்னொருவர் சொன்னது ரொட்டியாகக் கேட்கிறது, வேறொருவர் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிடுகிறார்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்த இடத்தில் இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். கீழே வரும் திருத்தங்களில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது: ‘அவுட் ஆஃப்’ என்ன வேலை செய்கிறது?

கடையில் ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. சரக்கு தீர்ந்துவிட்டது. வண்டி நடுவழியில் நின்றால் ‘வி ஆர் அவுட் ஆஃப் பெட்ரோல்’. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ‘அவுட் ஆஃப் ப்ரெத்’தும் இதே வார்ப்புதான். கையிருப்பில் இருந்த மூச்சு செலவாகிவிட்டது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நிரம்பிவிடும்.

ஓடியதால், ஏறியதால், தூக்கியதால், சிரித்ததால் வந்த மூச்சு வாங்கலுக்கு இது பொருந்தும். ஓரிரு நிமிடம் நின்றால் சரியாகிவிடும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும் மூச்சுத் திணறலுக்கு இந்தச் சொல் போதாது. இந்த வேறுபாடு மருத்துவரிடம் போகும்போது பெரிதாகிறது. அதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது.

அறிகுறி: கேட்பவர் ‘பிரெட்டா?’ என்று விழிக்கிறார்

பிழை இலக்கணத்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது. ‘ப்ரெத்’ என்ற சொல்லின் கடைசி ஒலி நம் ‘த்’ அல்ல. நம் ‘த்’ சொல்லும்போது நாக்கு மேல் பல்லின் பின்புறம் ஒட்டிக் காற்றை அடைத்துவிடுகிறது. ஆங்கில ஒலியில் நாக்கு நுனி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே லேசாக எட்டிப் பார்க்கும், காற்று அடைபடாமல் உரசிக்கொண்டு வெளியே போகும். காற்றை அடைத்துவிட்டால் ஆங்கிலக் காதுக்கு அது ‘ட்’ போலக் கேட்கிறது, ‘ப்ரெத்’ ‘ப்ரெட்’ ஆகிவிடுகிறது.

இதில் சங்கடம் என்னவென்றால், ‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெட்’ என்பதும் குறையில்லாத ஆங்கில வாக்கியம். வீட்டில் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று பொருள். தவறான வாக்கியமாக இருந்தால் கேட்பவர் யோசித்துச் சரியாக எடுத்துக்கொள்வார். சரியான வாக்கியமாகக் கேட்பதால் ரொட்டியையே பிடித்துக்கொள்கிறார்.

சோதிக்க ஒரு வழி. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வையுங்கள். சொல்லின் கடைசி ஒலியை இரண்டு விநாடி இழுத்துப் பாருங்கள். காற்று கையில் தொடர்ந்து பட்டால் சரி. இழுக்கவே முடியாமல் ஒலி வெட்டுப்பட்டு நின்றால் நீங்கள் நம் ‘த்’தைத்தான் சொல்கிறீர்கள். நாக்கு நுனியை இன்னும் ஒரு நெல்மணி அளவு முன்னே கொண்டுவாருங்கள்.

இன்னும் மூன்று இடங்கள். தமிழ் நாக்கு மெய்யெழுத்தில் நிற்க விரும்பாது. ‘பஸ்’ஸை ‘பஸ்ஸு’ ஆக்குவது போல இதையும் ‘ப்ரெத்து’ ஆக்கும், முன்னால் ஒரு இகரத்தை நுழைத்து ‘பிரெத்து’ ஆக்கும். ஆங்கிலத்தில் இது ஒரே அசை. ஒரு கைதட்டலுக்குள் முடிந்துவிட வேண்டும்.

அடுத்தது, ‘ப்ரெத்’தும் ‘ப்ரீத்’தும் வேறு வேறு சொற்கள். குறில் எகரம் வந்தால் மூச்சு என்ற பெயர்ச்சொல், நெடில் ஈகாரம் வந்தால் மூச்சுவிடு என்ற வினைச்சொல். கடைசி ஒலியும் மாறும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் வினைச்சொல்லில் அதிர்வு தெரியும், பெயர்ச்சொல்லில் தெரியாது. ‘அவுட் ஆஃப் ப்ரீத்’ என்று ஒன்று கிடையாது.

மூன்றாவது, ‘ஆஃப்’. நாம் எழுதுவது அப்படித்தான், இந்தக் குறிப்பிலும் அப்படியேதான் எழுதியிருக்கிறோம். பேசும்போது அதன் கடைசி ஒலி ‘வ்’. முன் சொல்லோடு ஒட்டி ‘அவுட்டவ் ப்ரெத்’ என்று போக வேண்டும். ‘ஃப்’ என்று அழுத்தினால் விளக்கை அணைக்கும் ‘ஆஃப்’ போலக் கேட்கும். அழுத்தம் ‘ப்ரெத்’தில்தான் விழ வேண்டும், ‘அவுட்’டில் பாதி விழலாம், நடுவில் உள்ளது காதில் பட்டும் படாமலும் ஓடிவிட வேண்டும்.

அறிகுறி: வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்கப் பார்க்கிறது

‘ஐ ஹேவ் அவுட் ஆஃப் ப்ரெத்.’ ‘மை ப்ரெத் இஸ் அவுட்.’ ‘ஃபார் மீ ப்ரெத் இஸ் கம்மிங்.’ மூன்றும் ஒரே வேரிலிருந்து வருபவை. தமிழில் உடம்புக்கு நேர்வதையெல்லாம் ‘எனக்கு’ என்று சொல்கிறோம். எனக்குப் பசிக்குது, எனக்குத் தூக்கம் வருது, எனக்கு மூச்சு வாங்குது. இங்கே எழுவாய் மூச்சு, நாம் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் ஆளே எழுவாய்.

‘ஹேவ்’ வருவதற்குக் காரணம் இருக்கிறது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ என்று படித்திருக்கிறோம். அதே தடத்தில் மூச்சையும் ஏற்றிவிடுகிறோம். ஆனால் காய்ச்சல் ஒரு பெயர்ச்சொல், கையில் வைத்திருக்கலாம். ‘அவுட் ஆஃப் ப்ரெத்’ ஒரு நிலை, அதில் நாம் இருக்கிறோம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘ஹங்க்ரி’யைப் போட்டுப் பாருங்கள். ‘ஐயாம் ஹங்க்ரி’ என்று சொல்கிற இடத்தில் ‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத்’ உட்காரும். ‘ஐ ஹேவ் ஹங்க்ரி’ என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள், இதுவும் வராது.

‘ஹேவ்’ வேண்டுமென்றால் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும்: ‘ஐ ஹேவ் ஷார்ட்னஸ் ஆஃப் ப்ரெத்.’ இது சரி. ஆனால் மாடிப்படி ஏறியதற்கு இதைச் சொன்னால் மருத்துவமனைச் சீட்டு வாசனை அடிக்கும்.

‘மை ப்ரெத் இஸ்...’ என்று தொடங்குவதைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. ‘பேட் ப்ரெத்’ என்றால் வாய் நாற்றம். ‘என் மூச்சு எப்படியோ இருக்கிறது’ என்கிற தொனியில் ஆரம்பித்தால் கேட்பவர் மனம் முதலில் அங்கேதான் போகும்.

அறிகுறி: எழுதும்போது சிவப்புக்கோடு விழுகிறது, அல்லது விழாமலேயே பிழையாகிறது

‘ஆஃப்’ என்பதில் ஒரே ஒரு ‘எஃப்’. இரண்டு போட்டால் வேறு சொல். அதுவும் அகராதியில் இருக்கிற சொல் என்பதால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் சும்மா விட்டுவிட வாய்ப்பு அதிகம். ‘ப்ரெத்’தின் கடைசியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து கிடையாது, வினைச்சொல்லில்தான் உண்டு. நடுவில் ‘த’வும் வராது, ‘மை’யும் வராது, ‘எ’யும் வராது. ஸ்டாக்குக்கு முன்னால் ஏதாவது போடுகிறோமா? அதே போலத்தான்.

அறிகுறி: ‘மூச்சு வாங்கிக்கிறேன்’ என்று சொல்ல நினைத்தது வேறாகப் புரிகிறது

பிழை அதிகம் நடப்பது இங்கேதான். காரணம் தமிழில் இருக்கும் ஒரு அழகான நுட்பம். ‘மூச்சு வாங்குது’ என்றால் களைத்துப்போயிருக்கிறேன். ‘இரு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்’ என்றால் ஓய்வெடுத்து மூச்சைச் சமன்படுத்திக்கொள்கிறேன். முன்னது நோவு, பின்னது அதற்கான மருந்து. இரண்டுக்கும் வினை ஒன்றே. ‘கொள்’ என்ற துணைவினை ஒன்று மட்டும் வந்து பொருளைத் திருப்பிப் போடுகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு சொற்றொடர்.

மூச்சு வாங்குது: ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத்.
மூச்சு வாங்கிக்கிறேன்: லெட் மீ கேட்ச் மை ப்ரெத்.

இரண்டாவதில் ‘மை’ வருகிறது, முதலாவதில் வரவில்லை. தீர்ந்துபோனது பொதுவான ஒரு சரக்கு, அதற்கு உரிமையாளர் பெயர் தேவையில்லை. ஓடிப்போன மூச்சைத் துரத்திப் பிடிக்கும்போது அது என்னுடையது என்று சொல்லியாக வேண்டும். எதிரே இருப்பவரிடம் சொன்னால் ‘கேட்ச் யுவர் ப்ரெத்’, அவளைப் பற்றிச் சொன்னால் ‘ஷீ ஸ்டாப்ட் டு கேட்ச் ஹெர் ப்ரெத்’.

‘வாங்கு’ என்பதை ‘டேக்’ என்று எடுத்து ‘ஐயாம் டேக்கிங் ப்ரெத்’ என்று சொல்பவர்கள் உண்டு. கேட்பவருக்கு ‘நான் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று கேட்கும். உயிரோடிருக்கும் எல்லோரும் செய்வதுதானே என்று அவர் விழிப்பார். ‘டேக் எ ப்ரெத்’ என்பது ஒரே ஒரு முறை மூச்சை இழுப்பது. ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக்கொண்டு மருத்துவர் ‘டேக் எ டீப் ப்ரெத்’ என்பது அதைத்தான்.

அடுத்த பள்ளம் ‘பிடி’. பந்தைப் பிடித்தாலும் பிடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் பிடி. ஆங்கிலத்தில் முன்னது ‘கேட்ச்’, பின்னது ‘ஹோல்ட்’. எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது ‘ஹோல்ட் யுவர் ப்ரெத்’. குளத்தில் முங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைச் சொல்ல ‘ஐ காட் மை ப்ரெத் அண்டர் வாட்டர்’ என்றால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு சமனானது என்று ஆகிவிடும். அங்கே ‘ஐ ஹெல்ட் மை ப்ரெத்’ என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சு உள்ளே நின்றால் ஹோல்ட், திரும்பி வந்தால் கேட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதானால் இந்த இணையைச் செய்யுங்கள்: ‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத். கிவ் மீ எ மினிட் டு கேட்ச் மை ப்ரெத்.’ மூச்சு வாங்குகிற எந்த இடத்திலும் கைகொடுக்கும்.

அறிகுறி: காரணத்தைச் சேர்த்தவுடன் வாக்கியம் உடைகிறது

‘ஓடினதால மூச்சு வாங்குது.’ இந்த ‘ஆல்’ உருபை ‘பை’ என்று மாற்றி ‘அவுட் ஆஃப் ப்ரெத் பை ரன்னிங்’ என்கிறார்கள். ‘கத்தியால் வெட்டினான்’ என்பதன் ‘ஆல்’ கருவியைச் சொல்கிறது, ‘ஓடியதால்’ என்பதன் ‘ஆல்’ காரணத்தைச் சொல்கிறது. இங்கே வேண்டியது ‘ஃப்ரம்’: ‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத் ஃப்ரம் ரன்னிங்.’ பின்னால் வரும் வினை ‘இங்’ வடிவில் இருக்க வேண்டும், ‘ஃப்ரம் ரன்’ என்று நிறுத்தக் கூடாது.

செயல் முடிந்த பிறகு நிலையைச் சொன்னால் ‘ஆஃப்டர்’: ‘ஷீ வாஸ் அவுட் ஆஃப் ப்ரெத் ஆஃப்டர் டூ ஃப்ளைட்ஸ் ஆஃப் ஸ்டேர்ஸ்.’ ஒரு மாடிக்கான படிக்கட்டு வரிசையை ஆங்கிலத்தில் ‘எ ஃப்ளைட் ஆஃப் ஸ்டேர்ஸ்’ என்பார்கள், விமானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எப்போதும் நடப்பதைச் சொன்னால் ‘வென்’: ‘ஐ கெட் அவுட் ஆஃப் ப்ரெத் வென் ஐ க்ளைம்ப் ஸ்டேர்ஸ்.’ ‘ட்யூ டு’ தவறல்ல, ஆனால் விடுப்புக் கடிதம் படிப்பது போல இருக்கும். வாய்ப்பேச்சில் அதைத் தொடவே வேண்டாம்.

விளைவைச் சேர்க்க இரண்டு வழி. பேசக்கூட முடியாத அளவு மூச்சு வாங்கியது என்றால் ‘ஐ வாஸ் டூ அவுட் ஆஃப் ப்ரெத் டு டாக்.’ இதில் ‘டு’வுக்குப் பின் ‘நாட்’ போட வேண்டாம், முடியவில்லை என்ற பொருள் ‘டூ’வுக்குள்ளேயே இருக்கிறது. மூச்சு வாங்க வைத்த பொருளை எழுவாயாக்க வேண்டுமென்றால் ‘லெஃப்ட்’: ‘த க்ளைம்ப் லெஃப்ட் மீ அவுட் ஆஃப் ப்ரெத்.’ பழனி மலை ஏறி வந்த கதையை எழுதுகிறவர்களுக்கு இந்த வடிவம் நன்றாக உதவும்.

அறிகுறி: காலம் மாறினால் பொருளும் நழுவுகிறது

‘வாங்குது’ என்பது தொடர்வினை போலத் தெரிவதால் ‘ஐயாம் கெட்டிங் அவுட் ஆஃப் ப்ரெத்’ என்று வந்துவிடுகிறது. இது தவறான ஆங்கிலம் அல்ல, ஆனால் ‘மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது’ என்று பொருள். நடந்துகொண்டே பேசும்போது, கூட வருபவரை மெதுவாகப் போகச் சொல்லும் நேரத்தில் சொல்லலாம். ஏறி முடித்து நிற்கும்போது ‘ஐயாம்’ மட்டும் போதும்.

‘ரன் அவுட் ஆஃப் ப்ரெத்’ என்பதில் உள்ள ‘ரன்’னுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை. தீர்ந்துபோவது என்பதே அதன் பொருள். உட்கார்ந்த இடத்தில் நீளமாகப் பேசியே, பாடியே, புல்லாங்குழல் ஊதியே ‘ஐ ரான் அவுட் ஆஃப் ப்ரெத்’ ஆகலாம். பாட்டு நடுவே வரி முடிவதற்குள் மூச்சு போதாமல் போவதற்கு மிகப் பொருத்தமான சொல் இதுதான்.

‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத் சின்ஸ் மார்னிங்’ என்பதில் இரண்டு பிழை. ‘சின்ஸ்’ வந்தால் ‘ஐவ் பீன்’ வேண்டும். அதைத் திருத்தினாலும் இன்னொன்று மிச்சமிருக்கிறது. காலையிலிருந்து நீடிக்கிற மூச்சு வாங்கலுக்கு ‘ஷார்ட் ஆஃப் ப்ரெத்’ என்பதே பொருத்தம்: ‘ஐவ் பீன் ஷார்ட் ஆஃப் ப்ரெத் சின்ஸ் திஸ் மார்னிங்.’ இதைச் சொல்லும் நிலை வந்தால் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: ‘வெரி’ சேர்த்தால் ஒட்டவில்லை

‘வெரி’க்குப் பதிலாக ‘அவுட் ஆஃப் ப்ரெத்’துக்கு முன்னால் போட வேண்டியவை ‘ரியலி’, ‘கம்ப்ளீட்லி’, ‘ஸோ’, குறைவாக என்றால் ‘எ பிட்’, ‘எ லிட்டில்’. இவை எல்லாம் ஒட்டும்.

அறிகுறி: ‘மூச்சிரைக்க ஓடி வந்தான்’ என்பதை எழுத வரவில்லை

இங்கே ‘அவுட் ஆஃப் ப்ரெத்’துக்கு வால் எதுவும் சேர்க்காமல் வினைக்குப் பக்கத்தில் அப்படியே வைத்துவிடலாம். ‘ஹீ அரைவ்ட் அவுட் ஆஃப் ப்ரெத்.’ உரையாடல் எழுதும்போது ‘ஷீ செட், அவுட் ஆஃப் ப்ரெத்’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்க வேண்டுமென்றால் மூன்று சொல்லையும் சிறுகோடு போட்டு இணைக்க வேண்டும், பார்க்கவும் அவ்வளவு நன்றாக இருக்காது. அந்த இடத்துக்கு ‘ப்ரெத்லெஸ்’ பொருந்தும்: ‘எ ப்ரெத்லெஸ் பாய்’.

அறிகுறி: களைப்பைச் சொன்னால் ரசனையாகப் புரிகிறது

‘த ஸ்டேர்ஸ் வேர் ப்ரெத்டேக்கிங்’ என்றால் படிக்கட்டு கண்கொள்ளாத அழகு என்று பொருள். ‘இட் டுக் மை ப்ரெத் அவே’யும் அப்படியே, மலைத்துப்போனேன் என்பதற்கு. ‘ப்ரெத்லெஸ்’ இரண்டு பக்கமும் போகும். ஆவலில் மூச்சு நிற்பதற்கும் வரும், மருத்துவ அறிக்கையிலும் வரும். களைப்பை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ‘அவுட் ஆஃப் ப்ரெத்’ ஒன்றே சந்தேகமில்லாதது.

அறிகுறி: தமிழில் ‘மூச்சு’ வருகிறது, ஆங்கிலத்தில் ‘ப்ரெத்’ ஒத்துவரவில்லை

தமிழ் மூச்சு ஏறாத இடமில்லை. அதையெல்லாம் ‘ப்ரெத்’ ஆக்க முடியாது.

முதுகில் ‘மூச்சுப் பிடிப்பு’ என்றால் தசை இழுத்துக்கொண்ட வலி. மூச்சு இழுக்கும்போது குத்துவதால் நாம் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ’வ் புல்ட் எ மஸில் இன் மை பேக்’ என்று தசையைச் சொல்லி, ‘இட் ஹர்ட்ஸ் வென் ஐ ப்ரீத் இன்’ என்று சேர்த்துவிடுங்கள். ‘ப்ரெத் கேட்ச்’ என்றால் யாருக்கும் புரியாது.

கூட்டத்தில், அடைத்த அறையில் ‘மூச்சு முட்டுது’ என்றால் அங்கே தீர்ந்தது நம் மூச்சு அல்ல, காற்று. ‘இட்ஸ் ஸ்டஃபி இன் ஹியர்’ அல்லது ‘ஐ ஃபீல் சஃபகேட்டட்’. வேலைப்பளுவில் மூச்சு முட்டுவதற்கும் பின்னது ஓடும்.

‘ஒரே மூச்சுல புத்தகத்தை முடிச்சேன்’ என்பதற்கு ‘இன் ஒன் கோ’. ‘இன் ஒன் ப்ரெத்’ என்பது பேச்சுக்கு, நிறுத்தாமல் கடகடவென்று சொல்லி முடிப்பதற்கு.

ஒரே ஒரு இடத்தில் இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன. ‘இதப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாத’ என்பதற்கு ஆங்கிலத்திலும் மூச்சுதான்: ‘டோன்ட் ப்ரீத் எ வேர்ட்.’ இதில் வருவது வினைச்சொல், நெடில் ஈகாரம்.

அறிகுறி: மருத்துவரிடம் சொன்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் பெற்றோருக்கும், ஊரிலிருந்து போய் அங்கே தனியே வாழ்பவர்களுக்கும் இந்தப் பகுதி முக்கியம். ‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத்’ என்று தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் ‘படி ஏறியிருப்பார்’ என்று நினைக்க இடமிருக்கிறது. நோயைச் சொல்லும்போது சொல்லை மாற்ற வேண்டும்.

மருத்துவமனை வழக்கில் ‘ஷார்ட்னஸ் ஆஃப் ப்ரெத்’, ‘ப்ரெத்லெஸ்னெஸ்’, சீட்டில் எழுதும்போது ‘டிஸ்ப்னியா’. மூன்றும் ஒன்றையே குறிக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எஸ்ஓபி’ என்று மூன்றெழுத்து இருந்தால் அது ‘ஷார்ட்னஸ் ஆஃப் ப்ரெத்’தின் சுருக்கம்.

‘வீசிங்’ என்ற சொல்லில் கவனம். நம்மூரில் ஆஸ்துமாவுக்கே அதுதான் பெயர், ‘எனக்குச் சின்ன வயசுலேருந்து வீசிங்’ என்கிறோம். ஆங்கிலத்தில் மூச்சு விடும்போது நெஞ்சில் கேட்கும் விசில் சத்தத்தை மட்டும்தான் அது குறிக்கும். நோயைச் சொல்ல ‘ஐ ஹேவ் ஆஸ்த்மா’, இப்போது சத்தம் வருகிறது என்றால் ‘ஐயாம் வீசிங்’. இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். சத்தமில்லாத மூச்சுத் திணறலை வீசிங் என்று சொன்னால் மருத்துவர் தவறான திசையில் யோசிக்கக்கூடும்.

மருத்துவருக்கு வேண்டியது பெயர் அல்ல, அளவு. அவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று மாற்றியமைக்கப்பட்ட எம்ஆர்சி (மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில்) அளவுகோல், 0 முதல் 4 வரை. கடுமையாக உழைத்தால் மட்டும் மூச்சு வாங்கினால் 0. சமதரையில் வேகமாக நடக்கும்போதோ லேசான மேட்டில் ஏறும்போதோ வாங்கினால் 1. மூச்சு வாங்குவதால் சமவயதுக்காரர்களைவிட மெதுவாக நடக்க வேண்டியிருந்தால், அல்லது தன் வேகத்தில் நடக்கும்போதே நின்று நின்று போக வேண்டியிருந்தால் 2. சமதரையில் சுமார் 100 மீட்டர் அல்லது சில நிமிடம் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் 3. வீட்டை விட்டு வெளியே போக முடியாத அளவு, உடை மாற்றும்போதே வாங்குகிறது என்றால் 4.

எண்ணை நீங்கள் சொல்ல வேண்டாம், வாக்கியத்தை அந்த அளவில் கட்டினால் போதும். ‘ஐ ஹேவ் டு ஸ்டாப் ஃபார் ப்ரெத் ஆஃப்டர் எ ஹண்ட்ரட் மீட்டர்ஸ்.’ ‘ஸ்டாப் ஃபார் ப்ரெத்’ என்றால் மூச்சு வாங்கிக்கொள்ள நிற்பது. இதில் ‘மை’ கிடையாது. அதோடு ‘லாஸ்ட் மன்த் ஐ குட் வாக் தட் ஃபார் வித்அவுட் ஸ்டாப்பிங்’ என்று சேர்த்தால் நிலைமை மோசமாகிவருவதும் தெரிந்துவிடும்.

படுத்தால் திணறுகிறதா என்பது இன்னொரு முக்கியமான கேள்வி. ‘ஐ கெட் ஷார்ட் ஆஃப் ப்ரெத் வென் ஐ லை ஃப்ளாட்.’ ‘ஹவ் மெனி பில்லோஸ் டு யூ ஸ்லீப் வித்?’ என்று மருத்துவர் கேட்டால் வீட்டு வசதியை விசாரிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தலையை எவ்வளவு உயர்த்தினால் மூச்சு வருகிறது என்று அளக்கிறார். இதயக் கோளாறைக் கண்டறிய உதவும் கேள்வி அது. இரண்டு மூன்று தலையணை வேண்டியிருந்தால் அந்த எண்ணிக்கையை உள்ளபடி சொல்லுங்கள்.

அவசரம் என்றால் ‘அவுட் ஆஃப்’, ‘ஷார்ட் ஆஃப்’ எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே திணறல், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமை, நெஞ்சுவலி, உதடு நீலமாவது, இவற்றில் எது இருந்தாலும் வினைச்சொல்லுக்குப் போங்கள்: ‘ஷீ கான்ட் ப்ரீத் ப்ராப்பர்லி.’ ‘ஹீ இஸ் ஸ்ட்ரக்லிங் டு ப்ரீத்.’ பின்னாலேயே ‘ஹிஸ் லிப்ஸ் ஆர் டர்னிங் ப்ளூ’, ‘ஹீ ஹேஸ் செஸ்ட் பெய்ன்’. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, அங்கே தமிழிலேயே சொல்லலாம். இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவிலும் பிரிட்டனிலும் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. தாயோ தந்தையோ பகலில் தனியே இருக்கும் வீடென்றால், எண்ணையும் இரண்டு வாக்கியத்தையும் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது.

அறிகுறி: படிக்கும்போது வருகிறது, மூச்சு வாங்கும்போது வரவில்லை

நாற்காலியில் உட்கார்ந்து பழகினால் இது சரியாகாது. காற்று போதாதபோது நீண்ட வாக்கியம் நடுவில் அறுந்துவிடும், கடைசி ‘த்’துக்கு வேண்டிய காற்றும் மிஞ்சாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள் இரண்டு மாடி வேகமாக ஏறி, மேலே நின்று, மூன்று துண்டாகச் சொல்லிப் பழகுங்கள். ‘ஹேங் ஆன்.’ ஒரு மூச்சு. ‘ஐயாம் அவுட் ஆஃப் ப்ரெத்.’ இன்னொரு மூச்சு. ‘லெட் மீ கேட்ச் மை ப்ரெத்.’ ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் காற்றை இழுத்துக்கொண்டால் ‘ப்ரெத்’தின் கடைசி ஒலி முழுதாக வரும். கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். முதல் நாள் பதிவில் ‘ப்ரெட்’ என்றுதான் கேட்கும். நான்கைந்து நாள் அதே படியில் ஏறிப் பதிவு செய்து, பழையதோடு ஒட்டிவைத்துக் கேட்டால் நாக்கு எந்த நாளில் பல்லுக்கு வெளியே வந்தது என்பது உங்கள் காதுக்கே தெரியும்.